நிப்பாட்டு அண்ணனும் நிற்காத ஸ்பிரிங்கும்

தொழிற்பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தேய்த்த சட்டையும் கையில் சான்றிதழ் கோப்புமாக லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. காலை எடுத்து வைக்கப் போனபோது, "ஏறாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, எண்ணெய்க் குப்பியின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். சாம்பல் நிறச் சீருடை. இடுப்பு பெல்ட்டில் ஒரு வளையம், அதில் ஒரே ஒரு பெரிய சாவி.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. நான் நிப்பாட்டியிருக்கேன்."

"எப்ப ஓடும்?"

"நான் பாத்து முடிச்சதும்."

"எட்டாவது மாடிக்குப் போகணும். எனக்கு இன்னைக்குத்தான் முதல் நாள்."

படிக்கட்டு இருந்த பக்கம் தாடையைத் தூக்கிக் காட்டினார். "அப்ப நம்பகமான வழியிலயே போங்க சார். படி ரிப்பேர் ஆகி நான் பாத்ததே இல்ல."

எட்டாவது மாடிக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன். மையத்தில் யாரும் வியப்படையவில்லை. "நிப்பாட்டு அண்ணன் கையில மாட்டிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அந்தக் கட்டிடத்தின் லிஃப்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. எதைத் தொடுவதற்கு முன்னும் அவர் வாயில் வருகிற முதல் சொல் 'நிப்பாட்டு'. மோட்டாரின் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் ஒரு பூட்டைப் போட்டு, பூட்டின் சாவியைச் சட்டைப் பைக்குள் விட்டு, பையை வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். லிஃப்டுக்குள் ஒரு பல்பு மாற்றுவதானாலும் இதே வரிசைதான். அவசரப்படுகிறவர்கள் திட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மேனேஜர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் நிப்பாட்டு அண்ணன்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவருடைய மனைவி அதே கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வினாத்தாள் நகலெடுக்க நான் அங்கேதான் போவேன். "வீட்லயும் இப்படித்தானா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க பொண்ணு கைக்குழந்தையா இருக்கும்போது ஸ்பிரிங் தொட்டில் வாங்கினோம். புள்ள வீறிட்டு அழுவும். இவர் தொட்டிலப் பிடிச்சு, நிப்பாட்டி, கம்பியத் தட்டிப் பாத்து, அப்புறம்தான் புள்ளையத் தூக்குவார். அதுக்குள்ள அது அழுது முடிச்சுத் தூங்கிரும்" என்றார்.

நான் சேர்ந்த சில மாதங்களில் லிஃப்ட் கம்பெனி ஒரு புது விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு கட்டிடத்திலும் மெஷின் ரூம் சாவியை வைத்திருக்கும் பொறுப்பாளர், எங்கள் மையத்தின் பாதுகாப்புத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இரண்டு வாய்ப்புகள். இரண்டிலும் தவறினால், அதே கட்டிடத்தில் தேறியவர் யாரோ அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும்.

மெஷின் ரூம் என்பது மொட்டைமாடியில் மோட்டார்கள் இருக்கும் அறை. அந்தக் கட்டிடத்தில் நிப்பாட்டு அண்ணன் இல்லாமல் அதன் கதவு திறந்ததில்லை. பெல்ட்டில் தொங்கிய அந்தப் பெரிய சாவி அதனுடையதுதான்.

தேர்வில் என் பங்கு ஸ்பிரிங். லிஃப்ட் இறங்கும் குழியின் அடியில் பெரிய ஸ்பிரிங்குகள் இருக்கும். கேபின் தவறி வந்து விழுந்தால் தாங்குவதற்கு. விழுகிற எடையின் ஆற்றல் அந்த ஸ்பிரிங்குக்குள் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்பது பாடம். நிஜமான ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டுக் காட்டினால் குதிப்பது தெரியுமே தவிர ஆற்றல் தெரியாது. அதனால் கணினியில் காட்டினோம். திரையில் ஒரு ஸ்பிரிங் தொங்கும். அதன் முனையில் மவுஸால் ஓர் எடையை மாட்டி விட்டால் மேலும் கீழும் ஆடும். பக்கத்தில் நான்கு பட்டைகள் வளர்ந்து குறுகும். ஓட்டத்தின் ஆற்றல் பச்சை, உயரத்தின் ஆற்றல் நீலம், ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் மஞ்சள், உராய்வில் சூடாகப் போவது சிவப்பு. உராய்வைக் கூட்டலாம், குறைக்கலாம், இல்லாமலே செய்யலாம். புவியீர்ப்பைக்கூட மாற்றலாம்.

முதல் வகுப்பில் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். இயற்பியலில் பட்டம் வாங்கியவன் என்பதையும், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். எங்கே போனாலும் அதைச் சொல்வேன். சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

பின்வரிசையிலிருந்து நிப்பாட்டு அண்ணன், "சந்தோஷம் சார். எங்க குடும்பத்துல லிஃப்ட்ல ஏறின முதல் ஆளு நான். ஏறினதோட சரி, இன்னும் எறங்க விடல" என்றார்.

வகுப்பு சிரித்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர் நிப்பாட்டு அண்ணனுடைய மச்சினர், மனைவியின் தம்பி. எல்லோரும் சின்னவர் என்பார்கள். அக்கா வீட்டின் மாடி அறையில்தான் குடியிருந்தார். அவரை இந்த வேலைக்குக் கூட்டிவந்து, ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நிப்பாட்டு அண்ணன்தான். இப்போது இருவரும் ஒரே தேர்வுக்கு வந்திருந்தார்கள்.

கணினியின் முன்னால் உட்கார்ந்ததும் நிப்பாட்டு அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு மெயின் சுவிட்ச் எங்க சார்?"

"பூட்டு கொண்டாரலியா மாமா?" என்றார் சின்னவர்.

"ஒன் வாய்க்கு ஒண்ணு வச்சிருக்கேன் மாப்ள. சாவியத்தான் தொலைச்சுட்டேன்."

சின்னவருக்கு அந்தத் திரை கைவந்த கலையாக இருந்தது. எடையை இழுத்து விட்டார், நிறுத்தினார், மெதுவாக ஓடவிட்டார், புவியீர்ப்பை நிலவுக்கு மாற்றினார். எடை சோம்பலாக ஆடியது. "மாமா, நிலாவுல லிஃப்ட் வச்சா சர்வீஸுக்கு யாரு போறது?" "நீ போ. வர்றதுக்கு மட்டும் லிஃப்ட் வைக்காம விட்டுடச் சொல்றேன்."

தேர்வு எளிமையானதுதான். எடையை ஸ்பிரிங் நீளாத உயரத்திலிருந்து விட வேண்டும். மேல் கோடி, நடு, கீழ்க் கோடி என்று ஆட்டத்தின் மூன்று இடங்களிலும் ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு இருக்கிறது என்று எழுத வேண்டும். வேறு வேறு எடைகளில் இதே கேள்விதான்.

நிப்பாட்டு அண்ணன் தன் தாளில் பச்சைப் பட்டைக்கான கட்டங்கள் எல்லாவற்றிலும் சுழி போட்டிருந்தார். மேலே சுழி, கீழே சுழி, இரண்டும் சரி. நடுவில் போட்ட சுழிகள் எல்லாம் தப்பு. நீலமும் மஞ்சளும் துல்லியமாக இருந்தன. சின்னவர் முதல் ஆளாகத் தேறினார். நிப்பாட்டு அண்ணன் தவறினார்.

தாளைக் காட்டி விசாரித்தேன். "நடுவுல எடை எவ்வளவு வேகமாப் போகுது, பாத்தீங்கல்ல? எப்படிச் சுழி வரும்?"

"நின்னா சுழிதானே சார்."

"அது ஏன் நிக்குது?"

"நான் நிப்பாட்டினேன்."

"ஏன் நிப்பாட்டினீங்க?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நிப்பாட்டாம எப்படி சார் அளக்கிறது?"

செய்து காட்டச் சொன்னேன். எடை ஆடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில், ஆட்டத்தை அடக்கி எடையை ஓய்வுக்குக் கொண்டுவர ஒரு பட்டன் உண்டு. சிவப்பு, வட்டம். லிஃப்ட் கேபினின் மேற்கூரையில், வேலை பார்க்கிறவர் முதலில் அழுத்த வேண்டிய பட்டனைப் போலவே இருந்தது. அதை அழுத்தினார். எடை நின்றது. பிறகு மவுஸால் எடையைக் கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே பிடித்துக்கொண்டு, பட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தப்பே இல்லாத முறை, லிஃப்ட் விஷயத்தில்.

"இதை அழுத்தியிருக்கணும்" என்று அடுத்த பட்டனைக் காட்டினேன். இரண்டு செங்குத்துக் கோடுகள். பாட்டுக் கேட்கிறவர்கள், படம் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறி.

"அது கதவு பட்டன்னு நெனச்சேன்" என்றார். "ரெண்டு கதவும் கொஞ்சம் தொறந்த மாதிரி இருக்குல்ல. ஸ்பிரிங்குக்கு எதுக்குக் கதவுன்னு விட்டுட்டேன்."

அன்று அவர் கிளம்பும்போது ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனார். கூட்டிப் பார்த்திருக்கிறார். மேல் கோடியில் பட்டைகளின் மொத்தம் இரண்டு. கீழ்க் கோடியிலும் இரண்டு. நடுவில் நீலம் ஒன்று, மஞ்சள் அரை. அவர் போட்ட பச்சை சுழி. மொத்தம் ஒன்றரை. "மிச்ச அரை எங்க போச்சு சார்?"

"நீங்க நிப்பாட்டினீங்கல்ல, அதுலதான் போச்சு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். புரிந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு தேர்வுகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் கட்டிடம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. மேனேஜர் முந்திக்கொண்டு சின்னவரைக் கூப்பிட்டு, மெஷின் ரூமில் எது எங்கே இருக்கிறது என்று பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டார். சின்னவர் போய்ச் சாவியைக் கேட்டார். நிப்பாட்டு அண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை. தானே மேலே வந்து திறந்துவிட்டு, சின்னவர் சுற்றிப் பார்த்து முடிக்கும் வரை வாசலில் நின்று, பிறகு பூட்டிக்கொண்டு இறங்கினார். இருவரும் ஒரே லிஃப்டில்தான் இறங்கினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"வீட்லயும் அதே கதைதான்" என்றார் ஜெராக்ஸ் கடை அக்கா, என் தாள்களை இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டே. "ஒரே மேசையில எதிரெதிரா உக்காந்துக்கிட்டு, ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்தே சாப்பிடுறாங்க. 'உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு'ங்கிறார் இவர். உப்பு இருக்கிறது அவன் கை பக்கத்துல. ஒருத்தன் கூடப் பொறந்தவன், ஒருத்தர் கட்டிக்கிட்டவர். நான் யாரு ஜெயிக்கட்டும்னு வேண்டிக்கிறது, நீங்களே சொல்லுங்க தம்பி."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"சாவி யாரு பெல்ட்ல தொங்கினாலும் சமையலறை எங்கிட்டதான். ஆனா அவர் பெல்ட் லேசாயிட்டா மனுஷன் தாங்க மாட்டார்." தாள்களை எண்ணிக் கொடுத்தார்.

மதிய இடைவேளைகளில் நிப்பாட்டு அண்ணன் எட்டாவது மாடிக்கு வரத் தொடங்கினார். இரு கோட்டுப் பட்டனை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். எடை நடுவில் உறைந்து நின்றது. பச்சைப் பட்டை அரை அளவுக்கு நிமிர்ந்து நின்றது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னாச்சு?"

"நிக்குது. ஆனா ஓட்டம் இருக்குன்னு பட்டை சொல்லுது."

"ஆமா. நேரத்தை மட்டும் நிறுத்தியிருக்கோம். எடைக்குள்ள வேகம் அப்படியே இருக்கு. மறுபடி அழுத்தினா விட்ட இடத்துலேருந்து ஓடும்."

அவர் இடது கையை மேசைமேல் வைத்தார். மோதிர விரல் நுனி இல்லை. அதுவரை நான் கவனித்ததில்லை. "இதே மாதிரிதான் சார். கரன்ட் போச்சு. லிஃப்ட் நடுவுல நின்னுச்சு. நின்னுருச்சேன்னு கையை வச்சேன். கரன்ட் வந்துச்சு. விட்ட இடத்துலேருந்து ஓடுச்சு." கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "கரன்ட் போய் நிக்கிறதும் நாம நிப்பாட்டுறதும் ஒண்ணு இல்ல சார்."

"இது வெறும் திரை அண்ணே. விரலை ஒண்ணும் பண்ணாது."

"எனக்குத் தெரியும் சார். கைக்குத் தெரியல."

அடுத்தடுத்த நாட்களிலும் அதே நிலைதான். பட்டனை அழுத்துவார், பட்டைகள் உறைந்து நிற்கும், ஆனால் அந்தத் திரையில் இருந்து எண்களைப் படிப்பதற்குள் கண்ணை வேறு பக்கம் திருப்புவார், அல்லது படபடத்து வேறு பட்டையைப் படித்துவிடுவார். மெதுவாக ஓடவிடும் வழியைக் காட்டினேன். ஓடுகிற பட்டையை அவரால் சரியாகப் படிக்க முடியவில்லை. ஆனால் பார்ப்பது பிடித்திருந்தது. உராய்வே இல்லாமல் வைத்துவிட்டு, எடை மெல்ல ஏறி இறங்குவதை நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மதியம், "மேலயும் கீழயும் தானா நிக்குது சார்" என்றார்.

"ஒரு கணம். திரும்புற இடம்ல."

"யாரும் நிப்பாட்டாமலே நிக்குது. அப்ப அங்க அளக்கலாம்."

"அளக்கலாம். அங்க நீங்க எழுதினதெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"நடுவுலதான் வம்பு."

அவருடைய பழைய கேள்விக்கு நான் அரைகுறையாகப் பதில் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். உராய்வு இல்லாவிட்டால் மொத்தம் எந்த இடத்திலும் மாறாது. மேலே இரண்டு என்றால் நடுவிலும் இரண்டுதான். நீலமும் மஞ்சளும் சேர்ந்து ஒன்றரைதான் வருகிறது என்றால், மிச்ச அரை ஓட்டத்தில் இருக்கிறது. "அதை நீங்க கையில பிடிச்சதும் ஓட்டம் போயிடுச்சு. அதனால சுழி காட்டுது. ஓடும்போது அங்க அரை இருந்துச்சு."

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் முறைப்படியே ஆரம்பித்தார். மேல் கோடியில் எடையைப் பிடித்து மொத்தத்தைப் படித்தார். சிவப்புப் பட்டனை அழுத்தினார். நடுவுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். நீலத்தையும் மஞ்சளையும் படித்துக் கூட்டினார். மொத்தத்திலிருந்து கழித்தார். பச்சைக் கட்டத்தில் அரை என்று எழுதினார். பிறகு பைக்குள் ஏதோ இருப்பதுபோலச் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வேற எடைக்குப் போட்டுப் பாக்கட்டுமா?" என்றார். இடைவேளை முடியும்வரை போட்டுக்கொண்டேயிருந்தார். நடுவில் என்றில்லை, எந்த இடத்தைச் சொன்னாலும் கழித்து எழுதினார். எல்லாம் சரியாக வந்தது.

"ஆனா உராய்வு இருக்கிற கணக்குன்னா இது செல்லாது" என்று எச்சரித்தேன். "போகப்போகச் சூடாப் போயிட்டே இருக்கும். எவ்வளவு போச்சுன்னு ஓட்டத்துலதான் பாக்கணும். அப்ப அந்த ரெண்டு கோட்டை அழுத்தித்தான் ஆகணும்."

"அது வரும்போது பாத்துக்கலாம் சார்" என்றார்.

அது வந்தது. இரண்டாவது தேர்வில் நான்கு கணக்குகள். மூன்று சரியானால் தேர்ச்சி. நான்காவதில் உராய்வு இருந்தது. எடை நடுப்புள்ளியை இரண்டாம் முறை கடக்கும்போது சூடாகப் போனது எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சின்னவர் நின்றார். வேலை நேரத்தில் அவருக்கு எட்டாவது மாடியில் ஒரு வேலையும் இல்லை.

முதல் மூன்று கணக்குகளையும் நிப்பாட்டு அண்ணன் பிடித்து, படித்து, கழித்து எழுதினார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தார். மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்காவதற்கு வந்தார். எடையை விட்டார். அது ஆடத் தொடங்கியது. அவர் வலது கை மவுஸின் மேல் இருந்தது. அம்பு இரு கோட்டுப் பட்டன் மேல் போய் நின்றது. எடை நடுவைக் கடந்தது. கீழே போய்த் திரும்பி மறுபடி நடுவைக் கடந்தது. அவர் அழுத்தவில்லை. மறுபடி முதலிலிருந்து விட்டார். மறுபடியும் அழுத்தவில்லை. பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆட்டம் ஓய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் வந்தார். "என்னங்க, முடிச்சிட்டீங்களா?"

"நான் முடிச்சிட்டேன்மா. அது இன்னும் முடிக்கல."

எடை தானாக நின்றது. சிவப்புப் பட்டை அரையில் நின்றிருந்தது. அவர் அரை என்று எழுதித் தாளைக் கொடுத்தார். அது ஆட்டம் முழுவதிலும் போன சூடு. கேட்டது வேறு. நான்காவது கணக்கு தப்பு. முதல் மூன்றும் சரி.

மேற்பார்வையாளர் தாளை அங்கேயே திருத்தி முடிவைச் சொன்னார். நிப்பாட்டு அண்ணன் எழுந்து நின்று கேட்டார், நன்றி சொன்னார், கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். வெளியே சின்னவர், "என்ன மாமா?" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர்கள் நேரடியாகப் பேசியது அதுதான் என்று பிறகு அக்கா சொன்னார்.

"மூணு."

"நாலாவது?"

"அதை நீ போட்டுக்க. எல்லாத்தையும் நானே போட்டா உனக்கு என்ன மாப்ள மரியாதை?"

லிஃப்டுக்கு நடந்தார்கள். சின்னவர் பட்டனை அழுத்தினார்.

சான்றிதழில் அவருடைய முழுப் பெயர் அச்சாகி வந்தது. அதை வாங்கிப் பார்த்த மேனேஜர், "இது யாரு?" என்று கேட்டார். சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார். தேறியவர் இருவர், சாவி ஒன்று. தெருவுக்கு எதிர்ப்புறம் புதிதாக எழும்பிய கட்டிடத்துக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டார். சின்னவரை அங்கே அனுப்பினார்கள். அந்தக் கட்டிடத்தில் முதல் நாள் அவர் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, பையைத் தட்டிப் பார்த்ததை எங்கள் வாசல் காவலர் பார்த்துவிட்டு வந்து எல்லோரிடமும் சொன்னார்.

இப்போதும் நிப்பாட்டு அண்ணன் எங்கள் கட்டிடத்தில்தான் பொறுப்பாளராக இருக்கிறார். மெஷின் ரூம் சாவி அவர் பெல்ட்டில் இருக்கிறது. சின்னவர் இன்னமும் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறார். உப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சான்றிதழை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், நிப்பாட்டு அண்ணன் அவ்வப்போது மதியத்தில் வந்து என் கணினியில் அந்த ஸ்பிரிங்கை ஆடவிட்டுப் பார்க்கிறார். இரு கோட்டுப் பட்டனை மட்டும் அவர் இப்போது அழுத்துவதே இல்லை.